பட்டமும் பரம்பரையும்: மேரி வைட்டன் கால்கின்சின் தன்வரலாறும் அறிவுப்பணியும்

முன்னுரை

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் உளவியல், மெய்யியலிலிருந்து பிரிந்து தனித்துறையாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றத் தொடங்கியது. அத்துறையின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் மேரி வைட்டன் கால்கின்ஸ் (1863-1930). 1905ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்திற்கும், 1918ஆம் ஆண்டு அமெரிக்க மெய்யியல் சங்கத்திற்கும் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர். நான்கு நூல்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் எழுதியவர். எனினும், உளவியல் வரலாற்று நூல்களில் அவரைப் பற்றிய பகுதியைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரே செய்தியே முன்னிற்பதைக் காணமுடிகின்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்க மறுத்தது என்பதே அச்செய்தி.

அச்செய்தி உண்மை, மறக்கத்தகாததும்கூட. ஆயினும், ஓர் அறிஞரின் நாற்பதாண்டுப் பணியை அவருக்கு மறுக்கப்பட்ட ஒரு தாளைக் கொண்டு அளப்பது போதுமா என்னும் வினா எழுகின்றது. பெண் அறிஞர்களின் வாழ்க்கையை எழுதும்போது ‘முதல் பெண்’ என்ற பெருமையையும் ‘மறுக்கப்பட்டவர்’ என்ற இரக்கத்தையும் சொல்லி நிறைவு காணும் வழக்கம் தமிழிலும் பரவலாக உண்டு. அவ்விரண்டுக்கும் இடையில் அவர் என்ன சிந்தித்தார் என்பது விடுபட்டுப் போகின்றது. கால்கின்ஸ் 1930ஆம் ஆண்டு வெளிவந்த உளவியலாளர் தன்வரலாற்றுத் தொகுதிக்கு எழுதிய கட்டுரையையும் அவரது பணிவரலாற்றையும் ஒருசேர நோக்கி, அவருக்கும் துறைக்கும் நேர்ந்த இழப்பு உண்மையில் எது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கல்வியும் தொடக்கப் பணியும்

கால்கின்ஸ் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் கிறித்துவத் திருச்சபைப் போதகர். குடும்பம் பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் குடியேறியது. 1882இல் ஸ்மித் கல்லூரியில் சேர்ந்த கால்கின்ஸ், மறு ஆண்டில் தங்கை மாடின் மறைவால் ஓராண்டு வீட்டிலிருந்தே பயின்று, 1885இல் பட்டம் பெற்றார். குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்று திரும்பியபின், 1887இல் வெல்லஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பிக்கும் பணியில் அமர்ந்தார்.

கிரேக்க ஆசிரியை உளவியலாளராக மாறியதற்குக் கல்லூரியின் தேவையே காரணமாயிற்று. சோதனைமுறை உளவியலைப் பாடத்திட்டத்தில் சேர்க்க விரும்பிய கல்லூரிக்கு அதைக் கற்பிக்க ஆள் கிடைக்கவில்லை. மெய்யியல் ஆர்வம் மிகுந்த கால்கின்ஸ் ஓராண்டு பயின்று வந்து அப்பாடத்தை ஏற்கலாம் என முடிவாயிற்று. ஆனால் எங்கே பயில்வது? அருகிலிருந்த ஹார்வர்டு ஆடவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் எலியட் தொடக்கத்தில் இசையவில்லை. தந்தையாரின் விண்ணப்பமும் வெல்லஸ்லி கல்லூரித் தலைவரின் கடிதமும் சென்றபின், 1890 அக்டோபரில் வில்லியம் ஜேம்ஸ், ஜோசையா ராய்ஸ் ஆகியோரின் வகுப்புகளில் அமர இசைவு கிடைத்தது. இதனால் அவர் பதிவுபெற்ற மாணவராகக் கருதப்படமாட்டார் என்னும் குறிப்பும் அந்த இசைவோடு சேர்ந்தே வந்தது.

ஜேம்சின் வகுப்பில் இருந்த மற்ற மாணவர்கள் சில வாரங்களிலேயே விலகிக்கொண்டனர். எஞ்சியவர் கால்கின்ஸ் ஒருவரே. ஜேம்சின் புகழ்பெற்ற உளவியல் நூல் அச்சிலிருந்து வெளிவந்த ஆண்டு அது. நூலாசிரியரும் மாணவியும் நூலகக் கணப்படுப்பின் இருபுறமும் அமர்ந்து அந்நூலைப் பயின்றதைத் தன்வரலாற்றில் அவர் நிறைவோடு நினைவுகூர்கின்றார். நிறுவனம் மாணவி என்று ஏற்க மறுத்தவருக்கு, அத்துறையின் தலைசிறந்த ஆசிரியர் தனியாசிரியராக வாய்த்தார். நிறுவனத்தின் மறுப்பும் ஆசிரியரின் ஏற்பும் ஒருங்கே நிகழும் இந்நிலை அவருடைய வாழ்வில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது.

அதே காலத்தில் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் சான்ஃபோர்டு அவருக்கு ஆய்வுக்கூட முறைகளைக் கற்பித்தார். இருவரும் இணைந்து கனவுகளை ஆராய்ந்தனர். இரவின் வெவ்வேறு நேரங்களில் அலாரக் கடிகாரம் வைத்து எழுந்து, கண்ட கனவை உடனே எழுதிவைத்தனர். இவ்வாறு திரட்டிய 375 கனவுகளை ஆராய்ந்த கட்டுரையைக் கால்கின்ஸ் 1893இல் வெளியிட்டார். கனவில் வருபவை விழிப்புநிலையில் கண்ட இடங்கள், மனிதர்கள், புலனுணர்வுகள் ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையவை என்பது அதன் முடிவு. சிக்மண்ட் பிராய்டு தமது கனவு விளக்க நூலில் இக்கட்டுரையைச் சுட்டியுள்ளார். 1891இல் வெல்லஸ்லிக்குத் திரும்பிய கால்கின்ஸ் அங்கே உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். அமெரிக்காவில் அத்தகைய கூடங்கள் மிகச் சிலவே இருந்த காலம் அது.

ஹார்வர்டின் மறுப்பு

1892இல் ஜெர்மனியிலிருந்து ஹியூகோ மூன்ஸ்டர்பர்க் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தை நடத்த வந்தார். அவருடைய கூடத்தில் கால்கின்ஸ் 1893 முதல் பகுதிநேரமாகவும், 1894-95இல் பணிவிடுப்புப் பெற்று முழுநேரமாகவும் ஆய்வு செய்தார். 1894இல் மூன்ஸ்டர்பர்க், இவரை முனைவர் பட்ட ஆய்வாளராக ஏற்குமாறு பல்கலைக்கழக ஆட்சிக்குழுவை வேண்டினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. ஆயினும் 1895 மே மாதத்தில் ஜேம்ஸ், ராய்ஸ், மூன்ஸ்டர்பர்க், பால்மர், சாந்தயானா, ஹேனஸ் ஆகியோர் அடங்கிய குழு, அலுவல்சாரா முறையில் அவருக்கு முனைவர் தேர்வு நடத்தியது. ஹார்வர்டில் தாம் கண்ட அத்தகைய தேர்வுகளுள் இதுவே தலைசிறந்தது என்னும் பொருள்பட ஜேம்ஸ் மதிப்பிட்டார். பட்டத்திற்கு அவர் முழுத் தகுதி பெற்றுவிட்டார் என்று துறை தெரிவித்தது, பட்டம் வரவில்லை.

இங்குக் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கால்கின்சின் அறிவுத்திறன் குறித்து எவரும் ஐயுறவில்லை. மதிப்பிடும் தகுதி படைத்த அறுவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்துவிட்டனர். ஆகவே, அந்த மறுப்பு அறிவைப் பற்றியதன்று. யார் யார் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படுவர் என்பதைப் பற்றியது.

1902இல் மற்றொரு வாய்ப்பு வந்தது. ஹார்வர்டு பேராசிரியர்களே பெண்களுக்குக் கற்பிக்கும் ராட்கிளிஃப் கல்லூரி, ஹார்வர்டில் முனைவர் ஆய்வை முடித்த நான்கு பெண்களுக்குத் தன் பெயரில் பட்டமளிக்க முன்வந்தது. அவ்வாறு பட்டம் பெற்றவருள் ஒருவர் எதெல் பஃபர். ஏற்றுக்கொள்ளுமாறு மூன்ஸ்டர்பர்க் வற்புறுத்தியும் கால்கின்ஸ் ஏற்கவில்லை. தாம் பயின்ற இடம் ராட்கிளிஃப் அன்று என்பதும், பெண்களுக்கெனத் தனிப் பட்டம் வழங்குவது கல்வியின் உயர்ந்த நோக்கங்களுக்கு உதவாது என்பதும் அவருடைய நிலைப்பாட்டின் சாரம்.

இம்முடிவைப் பிடிவாதம் என்றோ தன்மானம் என்றோ எளிதாகப் பெயரிட்டுவிடலாம். ஆனால் அதில் ஒரு தருக்கம் உள்ளது. ஓர் ஆய்வு எங்கே நிகழ்ந்தது, யார் அதை மதிப்பிட்டனர் என்பதற்குச் சான்று கூறுவதே பட்டம். அச்சான்றை வேறொரு பெயரில் வழங்கினால், பெறுபவருக்கு நன்மை விளையலாம். ஆனால் நிகழ்ந்தது மறைக்கப்படும். மேலும், தனிப் பட்டம் என்னும் ஏற்பாடு ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், ஹார்வர்டு தன் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயமே இல்லாமற்போகும். ஹார்வர்டின் கலை, அறிவியல் துறைகளில் பெண்கள் அப்பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே முனைவர் பட்டம் பெறும் நிலை 1963இல்தான் வந்தது. அதுவரை ராட்கிளிஃப் பட்டமே அவர்களுக்கு வாய்த்தது என்பதை நோக்க, கால்கின்சின் அச்சம் வீணானதன்று எனலாம். அதேவேளை, பட்டத்தை ஏற்றவர்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கும் இடமில்லை. வெல்லஸ்லியில் நிலையான பதவி பெற்றிருந்த ஒருவருக்கு மறுத்துரைக்கும் வலிமை இருந்தது. எல்லோருக்கும் அது இருந்திருக்க முடியாது.

தன்வரலாற்றின் மௌனம்

தன்வரலாற்றுக் கட்டுரையில் இந்நிகழ்ச்சிகள் எவ்வளவு இடம் பெறுகின்றன என்பது ஆராயத்தக்கது. ஹார்வர்டு ஆட்சிக்குழுவின் முடிவால் ஏற்பட்ட வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதை ஒரு வாக்கியத்திற்குள் அடக்கி, ஆய்வுக்கூடத்தில் தம்மை இயல்பாக ஏற்றுக்கொண்ட ஆடவர் தோழமைக்கு நன்றி கூறுவதிலேயே அவ்வாக்கியத்தை நிறைவு செய்கின்றார். அதன்பின் கட்டுரையின் பெரும்பகுதியைத் தம் கோட்பாட்டை விளக்கவே ஒதுக்கியுள்ளார். வாழ்க்கையைக் கேட்டவர்களுக்கு அவர் கருத்தைக் கொடுத்திருக்கின்றார்.

இந்த மௌனத்தை இருவகையாகப் பொருள்கொள்ளலாம். அக்காலப் பெண்களிடம் எதிர்பார்க்கப்பட்ட அடக்கம் என்பது ஒரு விளக்கம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அடக்கத்தால் வாய்மூடியிருந்தவர் அல்லர் கால்கின்ஸ் என்பதற்குச் சான்று உண்டு. 1891இல் ஜோசப் ஜாஸ்ட்ரோ, 25 ஆண்களையும் 25 பெண்களையும் ஆளுக்கு நூறு சொற்கள் எழுதச்செய்து, ஆண் மனமும் பெண் மனமும் இயங்கும் விதம் வேறென முடிவு கூறினார். அச்சோதனையைக் கால்கின்சின் மேற்பார்வையில் கார்டிலியா நெவர்ஸ் வெல்லஸ்லி மாணவியரிடம் செய்து பார்த்து 1895இல் வெளியிட்டபோது, ஜாஸ்ட்ரோவின் முடிவுகள் பல அங்குப் பொருந்தவில்லை. ஜாஸ்ட்ரோ மறுப்பெழுதியபோது கால்கின்ஸ் நேரடியாகவே விடையிறுத்தார். பிறந்த நாள்முதல் வெவ்வேறாக வளர்க்கப்பட்ட இருசாராரிடம் காணப்படும் வேறுபாட்டில், இயற்கை எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது என்பது அவ்விடையின் மையக் கருத்து. 1896இல் சோதனைமுறை குறித்து எழுப்பப்பட்ட இவ்வினா இன்றும் வலுவிழக்கவில்லை.

எனவே, தன்வரலாற்றின் மௌனம் பேச அஞ்சியவரின் மௌனமன்று. தாம் எதற்காக நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தாமே வரையறுக்க விரும்பியவரின் தேர்வு அது. அதற்காக, அவருக்குக் காயமே இல்லை என்று நாம் முடிவு செய்வதும் பிழையாகும். 1902இல் பட்டத்தை மறுத்தவர், அதை ஒரு பொருட்டாகக் கருதியதனால்தான் மறுத்தார்.

வாழ்ந்த முறையும் மறைந்த கோட்பாடும்

கால்கின்சின் அறிவுப்பணியில் இரு கூறுகள் உள்ளன. அவற்றின் பிற்கால வரலாறு முற்றிலும் வேறுபட்டது.

முதலாவது, நினைவாற்றல் பற்றிய சோதனை. மூன்ஸ்டர்பர்க்கின் கூடத்தில் தொடங்கி 1896இல் தனிநூலாக வெளிவந்த ஆய்வு இது. ஒரு வண்ணத்தைக் காட்டி, உடன் ஓர் எண்ணைக் காட்டுவார். இவ்வாறு பல இணைகள் தொடரும். பின்னர் வண்ணங்களை மட்டும் வரிசை மாற்றிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணை எழுதச்சொல்வார். ஒரே வண்ணம் பலமுறை ஓர் எண்ணோடு வருவது, கடைசியாக வருவது, கண்ணைக் கவரும் வகையில் வருவது என நிலைமைகளை மாற்றி மாற்றி, எது நினைவில் நிற்கின்றது என ஆராய்ந்தார். பளிச்சிடும் தோற்றத்தைக் காட்டிலும் மீண்டும் மீண்டும் வருதலே நினைவை வலுவாக நிறுத்துகின்றது எனக் கண்டார். நினைவைப் பற்றிப் பேசுவதிலிருந்து நினைவை அளப்பதற்கு வழிகாட்டிய எளிய கருவி இது. ஜெர்மனியில் ஜி. இ. மியூல்லர் இதை மேலும் செம்மைப்படுத்தினார். டிச்னர் தம் ஆய்வுக்கூடக் கையேட்டில் சேர்த்தார். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கற்றல், மறதி குறித்த எண்ணற்ற சோதனைகளுக்கு இந்த ‘இணைக் கற்றல்’ முறை அடிப்படையாக விளங்கியது. அயன்மொழிச் சொல்லையும் அதன் பொருளையும் இணைத்து நினைவிற்கொள்வதைச் சோதிப்போர் இன்றும் அதே வடிவத்தையே கையாளுகின்றனர். அதை அமைத்தவர் பெயர் பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, அவர் தம் வாழ்நாட்பணியாகக் கருதிய ‘தான்’ பற்றிய உளவியல். 1900ஆம் ஆண்டளவில் தொடங்கி இறுதிவரை அவர் இதை வற்புறுத்தினார். உணர்வு என்பது வெறும் புலனுணர்வுத் துணுக்குகளின் தொகுதியன்று. உணர்கின்ற ஒரு ‘தான்’ எப்போதும் அங்கே உள்ளது. அந்தத் ‘தான்’ மாறிக்கொண்டே இருப்பினும் தொடர்ச்சியுடையது, தனித்தன்மை வாய்ந்தது, பிற மனிதர்களோடும் பொருள்களோடும் உறவுற்றே இருப்பது. ஆகவே, சூழலோடு உறவுடைய ‘தான்’ என்பதை ஆராய்வதே உளவியல் என்றார். 1905ஆம் ஆண்டுத் தலைமையுரையில், உள்ளத்தின் கூறுகளைப் பகுத்தாராயும் அமைப்பியலாரும், உள்ளம் ஆற்றும் பணிகளை நோக்கும் செயற்பாட்டியலாரும் இந்த ஒரு கருத்தில் இணங்க முடியும் என வாதிட்டார்.

இக்கோட்பாட்டில் குறைகளும் உண்டு. ‘தான்’ என்பதை வரையறுக்க இயலாது, ஒவ்வொருவரும் தம் அனுபவத்தில் அறியலாம் என்று கூறியபோது, சோதித்துப் பார்க்க விரும்பியவர்களுக்கு அவர் கைப்பிடி எதையும் தரவில்லை. வண்ணங்களையும் எண்களையும் கொண்டு நினைவை அளக்கக் கற்பித்தவர், ‘தான்’ குறித்து அகநோக்கை மட்டுமே நம்பினார். 1913இல் வாட்சன் நடத்தைவாதத்தை அறிவித்தபோது, கால்கின்ஸ் அதே ஆண்டு அதற்கு மறுமொழி எழுதினார். எனினும் காலத்தின் போக்கு அகநோக்குக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அவருடைய கோட்பாடு தோற்றதற்கு இது ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆனால் அது ஒன்றே காரணமன்று. ஒரு சோதனைமுறை தனித்துப் பயணம் செய்யவல்லது. அச்சில் வந்துவிட்டால், எவரும் எந்த ஆய்வுக்கூடத்திலும் அதை எடுத்தாளலாம். ஆசிரியரின் பெயரைக்கூட அறியவேண்டியதில்லை. கோட்பாடு அத்தகையதன்று. அதைத் திருத்தவும், எதிர்ப்புகளுக்கு ஈடுகொடுக்கவும், புதிய சோதனைகளாக மாற்றவும் வழிவழியாக ஆட்கள் வேண்டும். தமிழ்க் கல்வி மரபு ‘மாணாக்கர் பரம்பரை’ என்று குறிப்பது இதைத்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிச்னரிடம் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்று நாடெங்கும் பரவினர். கால்கின்ஸ் 1929இல் ஓய்வு பெறும்வரை வெல்லஸ்லியிலேயே பணியாற்றினார். இளநிலை மாணவியருக்குக் கற்பிப்பதே அக்கல்லூரியின் முதன்மைப் பணி. உளவியலில் முனைவர் ஆய்வாளரை உருவாக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கு இல்லை. வெல்லஸ்லியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆய்வுக்கூடப் பொறுப்பேற்ற எலியனார் கேம்பிள்கூட, 1898இல் டிச்னரிடம் சென்றே முனைவர் பட்டம் பெற்றார். தம் அருகிலிருந்தவரைத் தாமே ஆய்வாளராக்கும் உரிமை கால்கின்சுக்கு இருக்கவில்லை என்பதை இது காட்டுகின்றது.

பட்டம் மட்டும் போதுமாயிருந்ததா?

அப்படியாயின், 1895இல் ஹார்வர்டு பட்டத்தை வழங்கியிருந்தால் இவையெல்லாம் மாறியிருக்குமா? மாறியிருக்கும் என உறுதியாகக் கூறுவதற்கில்லை. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான மார்கரெட் ஃபிளாய் வாஷ்பர்ன், 1894இல் டிச்னரிடம் பட்டம் பெற்றவர். 1921இல் அமெரிக்க உளவியல் சங்கத்திற்குத் தலைமை ஏற்ற இரண்டாவது பெண்மணியும் அவரே. அவரும் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வாஸர் மகளிர் கல்லூரியில் இளநிலை மாணவியருக்குக் கற்பிப்பதிலேயே கழித்தார். ராட்கிளிஃப் பட்டத்தை ஏற்ற எதெல் பஃபரின் கல்விப்பணியோ 1908இல் திருமணத்திற்குப் பின் தடைப்பட்டது. ஆடவர் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர் இருக்கைகள் பட்டம் பெற்ற பெண்களுக்கும் எட்டாதனவாகவே இருந்தன.

இதனால் தெளிவாவது யாதெனில், பட்ட மறுப்பு ஒரு பெரிய ஏற்பாட்டின் கண்ணுக்குப் புலப்படும் முனை மட்டுமே. பெண்கள் கற்கலாம், கற்பிக்கலாம், சங்கங்களுக்குத் தலைமை தாங்கலாம். 1903இல் கேட்டல் தொகுத்த அமெரிக்க உளவியலாளர் தரவரிசையில் கால்கின்ஸ் 12ஆம் இடம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகமும் ஸ்மித் கல்லூரியும் முறையே 1909, 1910ஆம் ஆண்டுகளில் அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தன. மதிப்புக்குக் குறைவில்லை. அடுத்த தலைமுறை ஆய்வாளரை உருவாக்கும் இடம் மட்டும் தரப்படவில்லை. 1927இல் தார்ன்டைக், யெர்க்ஸ் உள்ளிட்ட ஹார்வர்டின் பழைய மாணவர்கள் அவருக்குப் பட்டம் வழங்குமாறு விண்ணப்பித்தபோதும் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. 1930 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

முடிவுரை

கால்கின்சின் வாழ்வை ‘பட்டம் மறுக்கப்பட்டவர்’ என்று சுருக்குவது, அவர் தன்வரலாற்றில் கவனமாகத் தவிர்த்த வடிவத்தையே அவர்மீது போர்த்துவதாகும். ‘முதல் பெண் தலைவர்’ என்று மட்டும் போற்றுவதோ, அவருக்கு எது தரப்படவில்லை என்பதை மறைத்துவிடுகின்றது. அவர் வகுத்த முறை பரவியதையும் அவர் நேசித்த கோட்பாடு பரவாததையும் அருகருகே வைத்து நோக்கும்போதுதான் இழப்பின் உண்மையான அளவு புலனாகின்றது. 1943இல் கார்டன் ஆல்போர்ட், உளவியல் கைவிட்ட ‘தான்’ என்னும் பொருளை மீண்டும் துறையின் நடுவே கொண்டுவர வேண்டுமென வாதிட்டு எழுதினார். கால்கின்ஸ் கூறியவை யாவும் சரியென்று இதனால் நிறுவப்படவில்லை. ஆனால் அவர் விடாது எழுப்பிய வினா காலாவதியாகிவிடவில்லை என்பது உறுதிப்படுகின்றது.

அவ்வினாவை அவருக்குப் பின் ஏந்தி, குறைகளைக் களைந்து, சோதனைக்கு உட்படுத்தக்கூடிய மாணாக்கர் இருந்திருந்தால் அது எவ்வாறு வளர்ந்திருக்கும் என்பதை இன்று அறிய வழியில்லை. பெண் அறிஞர்களின் வாழ்க்கையை எழுத முற்படுவோர், அவர்கள் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் கணக்கிடுவதோடு, அவர்களிடம் யார் பயின்றனர், பயின்றவர்கள் எங்கே சென்றனர் என்பதையும் தேடிப் பதிவு செய்தல் வேண்டும். ஒருவர் சிந்தனை எவ்வளவு தொலைவு சென்றது என்பதும், எங்கே, எதனால் நின்றது என்பதும் அப்பதிவிலிருந்தே தெரியவரும்.